உப்புக் காற்றும் விசிறியும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெரு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்னும் ஊர்களையெல்லாம் கடந்து தம்பிலுவிலை அடைகின்றது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே களப்பும் வயலும். இடையே மணல் செறிந்த ஒடுங்கிய நிலத்துண்டு. இந்நிலத்துக்கு இரண்டு காற்றுகள் உரியன. ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேற்கிலிருந்து வருங் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது அமுக்கத்தாற் சூடேறி, வறண்ட கச்சானாக இக்கரையை வந்தடையும். ஆண்டின் இறுதியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். அது மழையையும் கடலின் உப்புத் துவலையையும் சேர்த்தே கொண்டுவரும். ஒன்று சுடும், மற்றையது அரிக்கும்.

வெம்மையைத் தணித்தல் என்னும் எண்ணம் இவ்வூர்க்குப் புதியதன்று. மதுரையை எரித்த கண்ணகியின் சினத்தைக் குளிர்விக்கும் பொருட்டு, வைகாசித் திங்களில் தம்பிலுவிற் கண்ணகியம்மன் கோயிலிலே குளிர்த்திச் சடங்கு நடைபெறுவதைக் கீழைக்கரையார் யாவரும் அறிவர். இங்கு எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெருமை உடையதன்று. தெருவோரத்து இரும்புப் பேழையிலும், அலைபேசிக் கோபுரத்தின் அடியிலும், வங்கியின் பின்னறையிலும், மருத்துவமனையின் மூலையிலும், சிறு விளக்குகள் சிமிட்டிக்கொண்டு இரவு பகலாக இயங்கும் வலையமைப்புக் கருவிகளின் வெம்மையை, ஒரு சாண் அகலமும் இல்லாத விசிறிகள் எவ்வாறு தணிக்கின்றன என்பதே அது.

தபாற் கந்தோரிலே கடிதம் பிரிப்பவரை நேயர்கள் கண்டிருப்பர். முகவரியைப் பார்த்து, ஒவ்வொரு கடிதத்தையும் அதற்குரிய அறையில் இடுவது அவர் தொழில். சுவிச்சு என்றும் ரூட்டர் என்றும் வழங்கும் கருவிகள் செய்வதும் அதுவே. ஆனால் ஒரு நொடியிற் பல இலட்சம் செய்தித் துண்டுகளுக்கு அதனைச் செய்கின்றன. இத்தொழிலைச் செய்யும் சிலிக்கன் சில்லின் உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய ஆளிகள் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் மிகச் சிறிதளவு மின்சக்தி வெப்பமாக மாறுகின்றது.

நீர் இறைக்கும் பொறி தான் உண்ணும் மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கை நீரை மேலேற்றுவதிற் செலவிடுகின்றது. நெல் குற்றும் ஆலையும் அவ்வாறே. வலையமைப்புக் கருவியோ எதனையும் தூக்குவதில்லை, எதனையும் அரைப்பதில்லை. ஆதலின் அது பெறும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. ஐந்நூறு உவாற்று மின்சாரம் பெறும் ஒரு சுவிச்சு, துணி அழுத்தும் மின் அழுத்தியில் ஏறக்குறைய பாதிக்கு ஒப்பானது. அந்த அழுத்தியை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ஆண்டு முழுவதும் அணைக்காது விட்டால் என்னாகும் என்று எண்ணிப் பார்க்க. கருவி தீப்பற்றுவது அரிது. அதனுள் நிகழும் கேடு அதனினும் மெதுவானது, கண்ணுக்குத் தெரியாதது.

சிலிக்கன் சில்லுகள் பெரும்பாலும் 105 முதல் 125 செல்சியஸ் பாகை வரையே தாங்கவல்லன. வெப்பம் ஏற ஏற, மூடியிருக்க வேண்டிய ஆளிகளினூடாகவும் மின்சாரம் கசியும். கசியும் மின்சாரம் மேலும் வெப்பத்தைத் தரும். அவ்வெப்பம் மேலும் கசிவைத் தரும். சில்லுகளுக்கு அடுத்த நிலையில் உள்ளவை மின்வழங்கியில் இருக்கும் கொள்ளளவிகள். இவற்றுட் பல, திரவம் நனைந்த தாளைச் சுருட்டி அடைத்த சிறு குப்பிகளே. வெப்பத்தில் அத்திரவம் மெல்ல மெல்ல ஆவியாகிப் போகும். பத்துப் பாகை வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் விதி. சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் அரேனியசு 1889ஆம் ஆண்டில், வெப்பநிலைக்கும் இரசாயன மாற்றத்தின் வேகத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியமையே இவ்விதிக்கு அடிப்படை. ஒளிநாரிற் செய்தி அனுப்பும் லேசர் விளக்குகளின் நிலை இன்னும் நுண்மையானது. வெப்பம் கூடினால் அவை ஒளிர்வதற்கு அதிக மின்சாரம் வேண்டும். அவற்றின் ஒளியின் அலைநீளமும் சிறிது நகரும். ஒரே நாரில் அலைநீளத்தாற் பிரிக்கப்பட்ட பல செய்திகள் அடுத்தடுத்துச் செல்லும்போது இச்சிறு நகர்வும் பிழையாகும். சாதாரண லேசர்ச் செருகிகள் 70 பாகை வரையே இயங்குமாறு அமைக்கப்படுகின்றன.

வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் வழிகள் மூன்று என்பது பள்ளி மாணவரும் அறிந்தது: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். சில்லின் மேல் ஒரு செப்புத் தகடும், அதன்மேல் சீப்பின் பற்களைப் போன்ற அலுமினியச் செதில்களும் பொருத்தப்பட்டிருக்கும். சில்லின் வெப்பம் கடத்தலாற் செதில்களிற் பரவும். ஒரு நகத்தளவு பரப்பில் இருந்த வெப்பம் இப்போது ஒரு மேசையளவு பரப்பில் விரிந்துவிட்டது. இங்கேதான் காற்றின் தொழில் தொடங்குகின்றது. செதிலைத் தொட்ட காற்று சூடேறும். காற்று அரிதிற்கடத்தியாதலின், அசையாது நின்றால் அதுவே ஒரு போர்வையாகி, மேலும் வெப்பம் வெளியேறாதவாறு தடுக்கும். அப்போர்வையை உரித்து எறிவதே விசிறியின் வேலை. சூடான கஞ்சியை ஓலை விசிறியால் ஆற்றும் வீட்டுப் பெண்கள் செய்வதும் இதுவேதான். கஞ்சியில் நீர் ஆவியாதலும் உடன்சேர்ந்து உதவுகின்றது, கருவியிலோ அந்த உதவி இல்லை.

விசிறி காற்றைக் குளிர்விக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது காற்றை நகர்த்துகின்றது, அவ்வளவே. கதவும் சாளரமும் அடைத்த அறைக்குள் விசிறி சுழன்றால், விசிறியின் மின்சாரமும் வெப்பமாகி, அறை முன்னிலும் சற்றுச் சூடாகும். வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெளியேறக் காற்றுக்கு வழி வேண்டும்; அதன் இடத்துக்குக் குளிர்ந்த காற்று வரவும் வழி வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்கிடுதல் எளிது. ஒரு கனமீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம், அதனை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 1,200 யூல் சக்தி செல்லும். ஐந்நூறு உவாற்றுக் கருவியிலிருந்து வெளிவரும் காற்று, உட்சென்ற காற்றைவிடப் பத்துப் பாகை மட்டுமே சூடாயிருக்க வேண்டுமெனில், நொடிக்கு 42 லீற்றர் காற்றை அதனூடாகச் செலுத்தவேண்டும். உட்செல்லும் காற்று கச்சான் காலத்து 35 பாகைக் காற்றாயின், வெளிவருவது 45 பாகை. சில்லின் வெப்பநிலை அதனினும் மிக மேலே நிற்கும். குளிரூட்டிய அறையில் 22 பாகைக் காற்று உட்சென்றாலோ எல்லாம் பதின்மூன்று பாகை கீழே இறங்கும். கருவி ஒன்றே, காற்றின் அளவும் ஒன்றே, ஊர்தான் வேறு.

இலத்திரனியற் கருவியைக் காற்றால் ஆற்றும் வழக்கம் வலையமைப்புக்கு முற்பட்டது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அது உண்ட மின்சாரம் 150 கிலோ உவாற்றுக்குக் குறையாது. அறையளவான அப்பொறிக்கென்று தனியே ஊதுபொறிகள் அமைத்திருந்தனர். வானொலி நிலையங்களின் பெரிய ஒலிபரப்பிகளிலும் வால்வுகளை ஆற்றக் காற்றையோ நீரையோ செலுத்துவது வழக்கமாயிருந்தது. வால்வு போய்த் திரான்சிஸ்டர் வந்தபோது, இனி வெப்பத் தொல்லை ஒழிந்தது என்று பலரும் மகிழ்ந்தனர். திரான்சிஸ்டர் ஒன்றின் வெப்பம் குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் மனிதர் ஒன்றோடு நிறுத்தவில்லை, ஒரு நகத்தளவில் கோடிக்கணக்கில் அடுக்கினர், தொல்லை மீண்டுவந்தது.

இக்கருவிகளை அடுக்கும் சட்டங்களில் ஒரு தட்டின் உயரம் 44.45 மில்லிமீற்றர் என்று உலகெங்கும் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. அவ்வுயரத்துட் பொருந்தும் விசிறியின் அகலம் 40 மில்லிமீற்றர்தான். விசிறி சிறிதாயின், போதிய காற்றைத் தள்ள அது மிக விரைந்து சுழலவேண்டும். நிமிடத்துக்குப் பதினாயிரம் சுற்று, சிலவேளை இருபதினாயிரம் சுற்று. கருவிகள் நிறைந்த அறைக்குட் சென்றவர் காதிற் கேட்கும் அந்த இரைச்சல் இதனால் எழுவதே. விசிறியின் வேகத்துக்கும் அதன் செலவுக்கும் இடையே கடுமையான ஒரு விதி உண்டு. வேகம் இரட்டித்தால் காற்று இரட்டிக்கும். செலவாகும் மின்சாரமோ எட்டு மடங்காகும். மறுதலையாக, வேகத்தைப் பாதியாக்கினால் எட்டிலொரு பங்கு மின்சாரமே போதும். ஆதலினால் நல்ல கருவிகளில் விசிறி எப்போதும் முழு வேகத்திற் சுழலுவதில்லை. உள்ளிருக்கும் வெப்ப உணரிகள் நிலைமையைச் சொல்ல, கட்டுப்பாட்டுச் சில்லு வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்தும். அத்தகைய விசிறியினின்று நான்கு கம்பிகள் புறப்படும். இரண்டு மின்சாரத்துக்கு, மூன்றாவது வேகத்தைக் கட்டளையிட, நான்காவது விசிறி தன் வேகத்தைத் திருப்பிச் சொல்ல. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் அது சொல்லிக்கொண்டேயிருக்கும். துடிப்பு நின்றால் கருவி அபாய விளக்கை ஏற்றும். அப்பாலும் வெப்பம் ஏறினால், தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அவ்வாறு அணைவதைச் சிலர் பழுது என்று குறைகூறுவர். உண்மையில் அது கருவி தன் உயிரைக் காத்துக்கொள்ளும் கடைசி முயற்சி.

கருவியில் உள்ள உறுப்புகளுள் ஓயாது அசைவது விசிறி ஒன்றே, தேய்வதும் அதுவே. அச்சைத் தாங்கும் பெயாரிங்கில் இடப்பட்ட நெய் வெப்பத்தால் உலரும். பின் உராய்வு, அதிர்வு, நிறுத்தம். இதனை எதிர்பார்த்தே பெரிய கருவிகளில் வேண்டியதினும் ஒரு விசிறி கூடுதலாக வைத்து, இயங்கிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றத்தக்க தட்டில் அவற்றைப் பொருத்துகின்றனர். வரிசையில் ஒரு விசிறி நின்றுவிட்டால் இழப்பு அந்த ஒன்றின் காற்று மட்டுமன்று. மற்றவை தள்ளிய சூடான காற்றில் ஒரு பகுதி, நின்றுபோன விசிறியின் துவாரத்தினூடாகவே மீண்டும் உள்ளே புகுந்து சுற்றிவரும். நின்ற விசிறியை நாளைக்கு மாற்றலாம் என்று விடுவது இதனால்தான் தவறாகின்றது.

காற்றுச் செல்லும் திசையையும் கவனித்தல் வேண்டும். சில சுவிச்சுகள் கம்பி செருகும் முகத்தால் காற்றை இழுத்துப் பின்னால் விடும். சில அதற்கு நேர்மாறானவை. இரண்டையும் அறியாது ஒரே சட்டத்தில் அடுக்கிவிட்டால், ஒன்றின் வெப்பமூச்சையே மற்றது உண்ணும். எத்துணை விசிறிகள் இருந்தும் பயனில்லை.

இதுகாறும் சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். தம்பிலுவில் போன்ற கடலோர ஊரில் வேறொரு சிக்கல் எழுகின்றது. விசிறியைப் பற்றிய நூல்கள் பலவும் அதைப் போதிய அளவு பேசுவதில்லை. விசிறி காற்றை இழுக்கின்றது. காற்றோடு உப்பையும் இழுக்கின்றது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களாக நெடுந்தூரம் மிதந்து செல்லும். அவை மின்சுற்றுப் பலகைமேற் படிந்து உலர்ந்திருக்கும் வரை பெருந் தீங்கு இல்லை. ஆனால் கறியுப்புக்கு ஓர் இயல்பு உண்டு: காற்றின் சார் ஈரப்பதன் 75 வீதத்தைக் கடந்தால், அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். மாரிகாலத்தில் உப்புச் சாடி நீர்ப்பதை அறியாத வீடு கீழைக்கரையில் இல்லை. சமையலறையில் அது சிறு தொல்லை. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியில் ஓடும் இரண்டு செப்புத் தடங்களுக்கு நடுவே உப்புநீர் நின்றாலோ, மின்சாரம் வழிமாறிப் பாயும். செப்பு பச்சையாகி அரியும். வெப்பத்தினின்று காப்பாற்ற வைத்த விசிறியே அரிப்புக்கு வாயிலைத் திறந்துவிடுகின்றது.

இதற்குப் பொறியியலாளர் கண்ட வழிகளுள் சிறந்தது வெப்பமாற்றி என்னும் அமைப்பு. பேழையை உப்புக் காற்று புகாதவாறு இறுக மூடிவிடுவர். உள்ளிருக்கும் காற்று உள்ளேயே சுழலும். வெளிக்காற்று வெளியிலேயே பாயும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகடுகள். உள்விசிறி சூடான காற்றைத் தகட்டின் ஒரு புறத்தில் உரசச் செய்யும்; வெளிவிசிறி புறக்காற்றை மறுபுறத்தில் உரசச் செய்யும். வெப்பம் தகட்டைக் கடக்கும், உப்பு கடவாது. இவ்வமைப்பிற் பேழையின் உட்புறம் எப்போதும் வெளியைவிடச் சில பாகை சூடாகவே இருக்கும் என்பது உண்மை. வெளியே வைக்கும் கருவிகள் அதனைத் தாங்குமாறு செய்யப்படுகின்றன.

அடைத்த சூழல் கருவிக்கு எவ்வளவு நன்மை தரும் என்பதற்கு ஒரு வியப்பான சான்று உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்தின் ஓர்க்னித் தீவுகளை அடுத்த கடலடியில், 864 கணினிகளை ஓர் உருளைக்குள் அடைத்து இறக்கியது. உருளைக்குள் இருந்தது உலர்ந்த நைதரசன். 2020இல் அதனை வெளியே எடுத்துப் பார்த்தபோது, கரையில் இயங்கிய ஒத்த கணினிகளிற் பழுதானவற்றின் எட்டிலொரு வீதமே அங்கே பழுதாகியிருந்தது. ஒட்சிசனும் ஈரமும் இல்லாமை, மனிதர் கை படாமை ஆகிய இரண்டுமே காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். நாற்புறமும் கடல்நீர் சூழ்ந்திருந்தும், உள்ளே உப்புக் காற்று இல்லை.

குளிரூட்டியை வைத்து அறையைப் பனிபோலாக்கிவிட்டால் தீராதோ என்று கேட்கலாம். அளவு மீறிய குளிரும் கரையோரத்துக்கு ஒவ்வாது. முப்பது பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் உள்ள காற்று, 25 பாகைக்குக் குளிர்ந்த எப்பொருளைத் தொட்டாலும் அதன்மேல் நீர் அரும்பும். 18 பாகையில் வைத்த அறையின் கதவை ஒருவர் திறந்து வைத்துக்கொண்டு பேசிநின்றால், கருவியின் உலோகமெல்லாம் வியர்க்கும். அமெரிக்கக் குளிரூட்டற் பொறியியலாளர் சங்கமாகிய ஆஷ்ரே, கருவியினுட் செல்லும் காற்று 18 முதல் 27 பாகை வரை இருத்தல் நன்று என்று பரிந்துரைக்கின்றது. அயனமண்டலத்து நாடுகள் இவ்வெல்லையின் மேற்பகுதியை நாடத் தொடங்கியுள்ளன. சிங்கப்பூர் 2023ஆம் ஆண்டில், இத்தகைய நிலையங்களை 26 பாகையிலும் அதற்கு மேலும் இயக்குவதற்கான தரமொன்றை வகுத்தது. மின்சாரமும் மீதியாகும்.

இவையெல்லாம் வெறும் சாதனப் பராமரிப்புத்தானே என்று எவரேனும் கருதின், 2022ஆம் ஆண்டு ஜூலை 19ஆந் தேதி இலண்டனில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கட்டும். அன்று இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 பாகையைக் கடந்தது. கைஸ், சென் தோமஸ் என்னும் பெரு மருத்துவமனைகளின் கணினி நிலையங்கள் இரண்டிலும் குளிரூட்டல் தோற்றது. நோயாளர் குறிப்புகளைப் பார்க்க இயலாது மருத்துவர்கள் தாளும் பேனாவும் எடுத்தனர். சிகிச்சைகள் பல ஒத்திவைக்கப்பட்டன. முழுமையாகச் சீர்செய்யக் கிழமைகள் சென்றன. நாற்பது பாகை வரும் என்று எண்ணாது கட்டிய அமைப்பு அது.

அம்பாறைக் கரைக்கு இவ்விடயம் இன்னும் நெருக்கமானது. 2004 டிசம்பர் 26ஆந் தேதி, சுமாத்திராக் கடலில் நிலம் அதிர்ந்தபோது இலங்கையில் நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன். அலை இக்கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமற் சென்றது. அவ்விடைவெளியிற் செய்தி வரவில்லை. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை இழப்பறியாத கரையோர ஊர் இல்லை. அதன்பின் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது; கரையோர மாவட்டங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன; அலைபேசி ஒவ்வொருவர் கையிலும் வந்தது. அந்த எச்சரிக்கையைச் சுமந்து வரவேண்டியவை இப்பேழைகளுக்குள் இருக்கும் கருவிகளே.

புயலிலோ வெள்ளத்திலோ முதலிற் போவது மின்சாரம். தொலைத்தொடர்பு நிலையங்களில் 48 வோல்ற்று மின்கலங்கள் அந்நேரத்திற் கைகொடுக்கும். கருவி மின்கலத்தால் இயங்கிக்கொண்டேயிருக்கும்; குளிரூட்டியோ பேருணவு உண்பதாதலின் நின்றுவிடும். செய்தி மிக வேண்டப்படும் அதே மணித்தியாலங்களில் வெப்பம் மளமளவென்று ஏறும். ஆகவே நன்கு திட்டமிட்ட நிலையத்தில், மின்கலத்தாலேயே சுழலும் நேர்மின் விசிறிகள் சிலவற்றைப் பிரதான மின்சாரம் நின்றவுடன் இயங்குமாறு அமைப்பர். அவ்வேளை சிறிது உப்புக் காற்று உள்ளே புகுந்தாலும் புகட்டும். சில மணி நேரத்து உப்பைவிடச் சில மணி நேரத்து மௌனம் கொடியது. மின்கலங்களுக்கும் வெப்பம் பகையே: ஈயமின்கலம் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் தன் ஆயுளிற் பாதியை இழக்கும்.

சிறிய கந்தோர்கள், பாடசாலைகள், கடைகள் ஆகியவற்றிற் பேழையும் வெப்பமாற்றியும் வைத்தல் இயலாது. அங்கே கூடுமானவரை விசிறியே இல்லாத சிறு சுவிச்சுகளை வாங்குதல் நன்று. அவற்றின் உலோக உறையே செதிலாக இருந்து வெப்பத்தை விடும். உப்பை இழுப்பதற்கு அங்கே ஆளில்லை. விசிறி உள்ள கருவியாயின், கடலை நோக்கிய சாளரத்தருகே அதை வைக்கலாகாது. சுவரோடு ஒட்டாமல் முன்னும் பின்னும் ஒரு முழமாவது இடம் விடுக. கருவியின்மேற் கோப்புகளை அடுக்கும் பழக்கம் எங்கும் உள்ளது, அதனைக் கைவிடுக. காற்று வடியில் தூசு அடைத்தால் விசிறி சுழன்றும் காற்று நகராது. கச்சான் வீசும் மாதங்களில் மணற்றூசு மிகுதியாதலின், மாதத்துக்கு ஒருமுறையேனும் வடியைக் கழற்றிக் கழுவி, நன்றாக உலர்ந்தபின் மாட்டவேண்டும். எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பை நாடி உள்ளே குடியேறுவதுண்டு; அவற்றையும் பார்க்க.

விசிறியைத் துப்புரவு செய்கையில் ஊதுபொறியாற் காற்றைப் பாய்ச்சுவோர் ஒன்றை மறத்தலாகாது. அக்காற்றில் இதழ்கள் அளவுக்கு மீறிய வேகத்திற் சுழன்றாற் பெயாரிங் கெடும். சுழலும் விசிறி தானே ஒரு மின்பிறப்பாக்கியாகிச் சுற்றுப் பலகைக்குள் மின்சாரத்தைத் தள்ளவும் கூடும். கருவியை அணைத்து, இதழை ஒரு விரலால் அசையாது பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து வெளிநோக்கி ஊதுக.